அடுப்படிக் கணக்கு: குறைந்த செலவில் உழைக்கிற குடும்பத்துக்குச் சத்தான சாப்பாடு



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று எல்லாக் கணக்கும் பார்க்கிறோம். ஆனால் நம் வீட்டில் தினமும் பணம் போகிற இடம் அடுப்படி. "யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்" என்று பெரியவங்க சொன்னது சும்மா இல்லை. இந்த மாதப் பாடத்தில் அந்த அடுப்படிக் கணக்கைப் பார்ப்போம்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கணக்கும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிசு இல்லை.

வயிறு நிறையுது, சத்து சேருதா?

நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் ரேசன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதனால் சோத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதாவது நம் கூட்டத்தில் 15 பேர் உட்கார்ந்தால் ஏழெட்டுப் பேருக்கு இரத்தம் குறைவாக இருக்கலாம்.

களை எடுக்கும்போது மூச்சு வாங்குவது, எழுந்தால் கண்ணு இருட்டுவது, சாயங்காலம் ஆனால் கை கால் ஓய்ந்து போவது, இதையெல்லாம் "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். உடம்பு முடியாமல் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நாலு நாள் கூலி போச்சு. தவணையும் தள்ளிப் போகும். அதனால் சாப்பாட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

பருப்பில்தான் குறை

2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு மலிவு விலையில் தருகிறார்கள். வீட்டில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்க:

* ஒரு கிலோ பருப்பை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 கிராம்.
* அதை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 7 கிராம்கூட இல்லை. ஒரு சின்னக் கரண்டி அளவுதான்!

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பும் பயறும் சேர்த்து 85 கிராம் சொல்லியிருக்கிறது. நம் கைக்கு அது உடனே எட்டாது. முதல் படியாக ஆளுக்கு 30 கிராமாவது கொடுப்போம். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 150 கிராம், மாதத்துக்கு நாலரைக் கிலோ. ரேசனில் ஒரு கிலோ போக இன்னும் மூன்றரைக் கிலோ வேண்டும்.

பணத்துக்கு எங்கே போறது?

துவரம் பருப்பே வேண்டும் என்பதில்லை. கொள்ளு, தட்டைப்பயறு இரண்டிலும் துவரம் பருப்பில் உள்ள அளவு புரதம் இருக்கிறது. 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம். நிலக்கடலையிலும் அதற்குக் குறையாது. விலைதான் பல சமயம் குறைவு. கிலோ 80 ரூபாய் என்று வைத்தால் மூன்றரைக் கிலோவுக்கு 280 ரூபாய்.

இப்போ இன்னொரு கணக்கு. இரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் ஆளுக்கு ஒரு 5 ரூபாய் பாக்கெட், சிப்ஸோ குர்குரேயோ வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு 10 ரூபாய். மாதம் 300 ரூபாய்! மூன்றரைக் கிலோ பயறு அந்தப் பாக்கெட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரே நாளில் நிறுத்த முடியாது, அழுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் பாக்கெட், மற்ற நாள் அவித்த நிலக்கடலை, தட்டைப்பயறுச் சுண்டல், கடலை உருண்டை என்று தொடங்குங்க.

காசில்லாமல் கிடைக்கும் சத்து

* முருங்கைக்கீரை: கொல்லையில் ஒரு மரம் இருந்தால் போதும். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரையும் நல்லதுதான். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீங்க, ரசத்தில் சேருங்க.
* புளிப்பு: கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.
* டீ: சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச்சத்து சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.
* சின்ன மீன்: ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் இருந்து வரும் சாளை, நெத்திலி பெரிய மீனைவிட மலிவு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும்.
* பள்ளி, அங்கன்வாடி: 1982-ல் தொடங்கிய சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு இரண்டும் நம் பிள்ளைகளின் உரிமை. "பள்ளிக்கூடச் சாப்பாடா?" என்று கௌரவம் பார்க்க வேண்டாம். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவு கர்ப்பிணிக்குத்தான். மாட்டுத் தவிட்டில் கலக்க அல்ல.

ஒரு நாள் சாப்பாடு (மாதிரி)

காலை: கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு, சின்ன வெங்காயம், நிலக்கடலைத் துவையல்.
மதியம்: சோறு, தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல்.
மாலை: அவித்த கடலை அல்லது சுண்டல்.
இரவு: சோறு, கொள்ளு ரசம், முட்டை அல்லது கருவாடு (வாரத்தில் இரண்டு மூன்று நாள்).

அரிசியில் குறையும் புரதச் சத்தைப் பயறு நிரப்புகிறது. அதனால் ஒவ்வொரு வேளையும் சோத்தோடு கொஞ்சமாவது பயறு, கடலை, முட்டை, மீன் இதில் ஒன்று இருக்கட்டும்.

குழுவாக வாங்கினால் லாபம்

கால் கிலோ, நூறு கிராம் என்று கடனுக்கு வாங்கும்போது விலை கூடுதல். பற்று நோட்டில் என்ன எழுதுகிறார் என்று நாம் பார்ப்பதும் இல்லை. 15 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மூன்று கிலோ பயறு என்றால் 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை. அறுவடை சமயத்தில் சந்தையிலோ விவசாயியிடமோ நேராக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லாத உறுப்பினருக்குக் குழுவின் உள்கடனில் இருந்து கொடுத்து அடுத்த கூட்டங்களில் வசூலிக்கலாம். வாங்கிய விலை, எடை, பிரித்த அளவு மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. இல்லாவிட்டால் மனக்கசப்பு வரும்.

பயறை நன்றாக வெயிலில் காயவைத்து, மூடி இறுகிய டின்னில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்க. பூசணம் பிடித்த, கறுத்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்க. அதில் நஞ்சு இருக்கும், வறுத்தாலும் போகாது.

கடைசிப் பங்கு யாருக்கு?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. புருஷனுக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு எல்லாம் போட்டபிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் நம் சாப்பாடு. பயறு அடியோடு தீர்ந்திருக்கும், வெறும் குழம்பும் சோறும் மிச்சம். பல வருசம் இப்படியே போனால் இரத்தம் எங்கிருந்து ஊறும்? வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம், அடுப்பும் தண்ணீரும் விறகும் நம் தலையில்தான். அதிகம் உழைக்கும் உடம்புக்குக் குறைச்ச சாப்பாடு என்பது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐந்து பேருக்குச் சமைத்தால் பரிமாறும் முன்பே ஐந்து பங்கு பிரித்து, உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்க. பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே அளவு. முடிந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க. தியாகம் செய்து படுத்த படுக்கையாய்க் கிடப்பதைவிட, சாப்பிட்டுத் தெம்பாய் நிற்கிற அம்மாதான் பிள்ளைகளுக்கு வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. போன மாதம் என் வீட்டில் பாக்கெட் தீனிக்கு எவ்வளவு, பயறுக்கு எவ்வளவு செலவானது?
2. நம் குழு சேர்ந்து வாங்க எந்தப் பொருள் ஏற்றது? விலை விசாரிக்கப் போகிறவர் யார்?
3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அளவு பார்க்க எந்த நாளில் எல்லாரும் சேர்ந்து போகலாம்?
4. என் பங்கை எடுத்து வைத்தேனா? எத்தனை நாள்?

நாலாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஊக்குநரும் சேர்த்துத்தான்!