உதவித் தொகைப் பட்டியலும் கிராம சபையும்

அரசாங்கம் அளிக்கும் உதவி உரியவரைச் சென்று சேர்ந்தால்தான் பயன் தரும். அதனைச் சேர்ப்பிக்கும் பொறுப்பில் அதிகாரிகளோடு கிராம மக்களுக்கும் பங்குண்டு. 2020ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நேர்ந்த முறைகேடு இதனை நன்கு உணர்த்துகின்றது.

பிரதம மந்திரி விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. நிலமுடைய விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, வங்கிக் கணக்கில் நேரே செலுத்துவது இத்திட்டம். கொரோனா ஊரடங்கினால் விளைபொருளை விற்க வழியின்றி விவசாயிகள் தவித்தபோது, 2020 ஏப்ரலிலேயே 2,000 ரூபாய்த் தவணை விரைந்து வழங்கப்பெற்றது.

நேர்ந்தது என்ன?

அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு பெரும் முறைகேடு வெளிப்பட்டது. தகுதியற்றோர் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறியிருந்தனர். ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவர்களுக்குச் சென்றிருந்தது. பாதிப்புற்ற மாவட்டங்களுள் நம் செங்கற்பட்டும் ஒன்று.

விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலகக் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பெற்றதே இதற்குக் காரணம். வேலியே பயிரை மேய்ந்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி, ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் தரகரிடம் கொடுத்த ஏழைகளும் உண்டு. பின்னர் அப்பணம் அவர்களிடமிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஒப்பந்த ஊழியர் 96 பேர் நீக்கப்பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பருக்குள் 52 பேர் கைதாயினர்.

பயனாளிகள் பட்டியலைக் கிராமத்தில் வெளியிட வேண்டும் என்பது இத்திட்டத்தின் விதியே ஆகும். ஆயினும் ஊர் கூடிப் பட்டியலைக் கேட்க அன்று வழியில்லை. நோய்த்தொற்றினால் 2020 ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுக்குரிய கிராம சபைகளும் நடைபெறவில்லை.

ஊர் அறியும் உண்மை

இன்று ஆதார் வழிச் சரிபார்ப்பும் நில ஆவண இணைப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இவை நன்மையே. எனினும், படூர் போன்ற ஊர்களை எண்ணிப் பார்ப்போம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய இப்பகுதியில் வயல்கள் பல மனைகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. பட்டா யார் பெயரில் உள்ளது என்பதை ஆவணம் கூறும். அந்நிலத்தில் ஏர் ஓடுகின்றதா என்பதை அண்டை வயல்காரரே அறிவார்.

ஆகவே, பட்டியல் படிக்கப்பெறும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டுவன இவை:

1. பெயருக்குரியவர் உயிரோடுள்ளாரா? அவருக்கு நிலம் உண்டா?
2. அந்நிலம் இன்னும் சாகுபடி நிலமா?
3. அவர் வருமான வரி செலுத்துபவரா? நான்காம் நிலைக்கு மேற்பட்ட அரசு ஊழியரா? மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவரா? அங்ஙனமாயின் அவருக்குத் தகுதி இல்லை.
4. தகுதியிருந்தும் விடுபட்டவர் யார்?

நான்காம் கேள்வியை மறத்தலாகாது. விடுபட்டவர் முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் விதியே. குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. அவர்தம் நிலையைத் தீர்மானமாக இயற்றி மேலிடத்திற்கு அனுப்புதல் சபையின் கடமை.

பெயரும் தொகையும் படிக்கப்படலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை வெளியிடுதல் கூடாது. ஒருவரை இழிவுபடுத்துவதும் நம் நோக்கமன்று. ஐயம் எழின், அதனைக் குறித்து வேளாண்மை அலுவலகத்திற்கு அனுப்புதலே முறை.

பட்டியல் கிடைக்கவில்லையெனில் தயங்க வேண்டுவதில்லை. மானியம் பெறுவோர் விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பணிக்கின்றது. மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகின்றது. அவற்றுள் ஒரு நாளிலேனும் இப்பட்டியலை ஊரறியப் படிக்கச் செய்வோமாக. ஊரார் செவியில் விழும் பட்டியலில் பொய்ப் பெயர் நெடுநாள் நிலைத்திராது.