கட்டடத்தை மீட்டால் போதுமா?

சங்கத்திற்குக் கட்டடம் வாங்கும் தீர்மானம் என்றால் பொதுச்சபையில் கைகள் விரைந்து உயர்கின்றன. அதே கட்டடத்திற்கு ஓடு மாற்றும் செலவு என்றால் சபை மௌனமாகிவிடுகிறது. இதன் விளைவை அறிய, ஸ்காட்லாந்து தேசத்துச் சினிமாக் கொட்டகை ஒன்றின் வரலாற்றை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

காம்பல்டவுன் என்பது மீன்பிடிப்பாலும் விஸ்கி வடிப்பாலும் பெயர்பெற்ற கடலோரச் சிற்றூர். அங்கே 1913-இல் எழுந்தது அக்கொட்டகை. திரையின் இருபுறமும் பொம்மை வீடுகளைப் போன்ற இரு சிறு வீடுகள் இன்றும் அதன் அழகு. (அதே 1913-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் தோன்றிய எலெக்ட்ரிக் தியேட்டரை 1915-இல் தபால் இலாகா வாங்கியது. படம் நின்றும் கட்டடம் பிழைத்தது, வேறு பயன் கிடைத்தமையால்.)

காம்பல்டவுன் கொட்டகை 1986-இல் மூடப்பட்டது. ஊரார் இலாப நோக்கற்ற ஸ்தாபனம் அமைத்து, 1989-இல் அதை மீண்டும் திறந்தனர். போற்றத்தக்க செயலே. ஆயினும் கட்டடத்தின் வயது நிற்கவில்லை. 2014-இல் மறுபடியும் மூடி, ஏறத்தாழ 35 இலட்சம் பவுன் செலவில் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஊரார் திரட்டியதோடு பாரம்பரிய நிதியின் மானியமும் தேவைப்பட்டது. 2017 டிசம்பரில் திறந்தபோது இரண்டாவது திரையும் சேர்ந்திருந்தது. ஒரே திரையின் வசூலை மட்டும் நம்பியிராமல் வருவாய்க்கு இன்னொரு வழி செய்தது, நமது கருத்தில், மானியத்தினும் பெரிது.

இனி நமது கணக்கிற்கு வருவோம். 12 இலட்சம் ரூபாயில் கட்டிய கிடங்கு 30 ஆண்டு நிற்குமெனில், ஆண்டுத் தேய்மானம் 40,000 ரூபாய். அதை ஏட்டில் எழுதிவிட்டாலே பணம் ஒதுங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அன்று! ஏட்டில் எழுதிய தொகை நூல் கொள்முதலிலோ உரக் கடனிலோ கரைந்திருக்கும். கூரை ஒழுகும் நாளில் கையில் இராது. விலைவாசி ஏறுவதால் அத்தொகையும் போதாது.

ஒரகடம் ஆலைகளை அடுத்துள்ள சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் இது மேலும் முக்கியம். பழுதான கிடங்கை இடித்து மனையாக விற்கலாம் என்ற யோசனை எளிதில் எழும். ஒருமுறை விற்ற மனையை அவ்விலைக்குத் திரும்ப வாங்க இயலாது. ஆகவே அடுத்த பொதுச்சபையில், கட்டடத் தேய்மானத் தொகை மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனி வைப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது அங்கத்தினரின் உரிமை.