தாய்வழி மரபும் தாயின் துயரும்

நுழையும்முன்

தாயன்பைப் போற்றாத மொழியில்லை. போற்றுதல் எளிது, அவ்வன்புக்கு உரிய இடத்தை வாழ்வில் அளித்தல் அரிது. தாய்வழியே குலத்தைக் கணக்கிட்ட ஒரு நாட்டில், தாய் ஒருத்தி தன் மக்களுக்காகக் கலங்கி நின்ற வரலாறு உண்டு. அந்தக் கலக்கத்தைக் கேட்டு எழுதிய கவிஞரையும், அதன்பின் நேர்ந்த மாற்றத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நாஞ்சில் நாடு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சேர்ந்த பகுதியே நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நெல் வயல்கள் இதற்குச் செழிப்புத் தந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும்வரை இப்பகுதி முதலில் திருவிதாங்கூர் ஆட்சியின்கீழும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இங்கு வாழ்ந்த வேளாளருள் ஒரு பிரிவினர் மக்கள்வழியையும், மற்றொரு பிரிவினர் மருமக்கள்வழியையும் பின்பற்றினர்.

மருமக்கள்வழி என்பது யாது? ஒருவர் ஆண்டு அனுபவித்த குடும்பச் சொத்து, அவருக்குப்பின் அவர் பெற்ற மக்களைச் சேராது. அவருடைய உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களைச் சேரும். குடும்பத்தின் மூத்த ஆண் 'காரணவர்' எனப்பட்டார். சொத்தைக் காத்து நடத்தும் பொறுப்பு அவருடையது. அவர் பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்னும் பெயரில் ஒரு சிறு பங்கு கிடைப்பதுண்டு.

இருவேறு தாய்மார்

இம்முறையில் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. பிறந்த வீட்டில் அவள் குலத்தைத் தாங்குபவள். அவள் மக்களே அவ்வீட்டின் உரிமையாளர். ஆயின், அதே பெண் மணமாகிக் கணவன் வீடு புகுந்ததும் நிலை தலைகீழாயிற்று. அவள் அவித்துக் குத்திய நெல் கணவன் வீட்டுப் பத்தாயத்தை நிறைத்தது. அவள் பெற்ற பிள்ளைகளுக்கோ அந்தப் பத்தாயத்தில் உரிமை இல்லை. கணவன் கண்மூடினால், அதுவரை தம் வீடென எண்ணியிருந்த இடத்தில் தாயும் மக்களும் அயலாராயினர்.

அவ்வீட்டு மாமியாரும் ஒரு தாயே. தன் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளுக்கு உரிய சொத்தை மருமகளின் பிள்ளைகள் குறைத்துவிடுவரோ என்பது அவளுடைய அச்சம். தான் பெற்ற மக்கள் பசித்திருப்பரோ என்பது மருமகளின் அச்சம். இரண்டு அச்சங்களும் தாய்மையில் பிறந்தவையே. இருவரையும் ஒரு கூரையின்கீழ் எதிரெதிரே நிறுத்தியது அந்த உரிமைமுறை. மாமியார் கொடுமை என்று ஊரார் பேசியதன் வேர், தனிமனிதர் மனத்தில் மட்டுமன்றி வழக்காற்றிலும் ஊன்றியிருந்தது.

கவிஞர் கேட்ட குரல்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876 ஜூலை 27ஆம் நாள் தேரூரில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். பின்னர் ஆசிரியராகப் பணியாற்றினார். குழந்தைகளுக்காகத் தாலாட்டும் பாட்டும் எழுதிய அவர், ஆசிய ஜோதியில் மகனை இழந்த தாய் புத்தரிடம் வந்து நின்ற நிகழ்ச்சியையும் பாடினார். தாயுள்ளத்தை உணர்ந்த அக்கவிஞர், தம் மண்ணில் கண்ட தாயரின் துயரைப் பாடிய நூலே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'.

'மான்மியம்' என்பது பெருமை கூறும் நூலுக்குரிய பெயர். இழிவைச் சொல்லவந்த நூலுக்குப் பெருமையின் பெயரைச் சூட்டியதிலேயே அங்கதம் தொடங்குகிறது. நூலின் உட்பகுதிகளுக்கும் பெருங்காப்பியம்போலப் படலப் பெயர்கள் அமைந்தன. வீட்டுக்குள் நடக்கும் அதிகாரத்தைச் சொல்வது 'மாமி அரசியற் படலம்'. வழக்காடிக் குடும்பம் அழிந்ததைச் சொல்வது 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. 'கோடு' என்பது இங்கு நீதிமன்றத்தைக் குறிக்கும்.

இந்நூலில் கதை சொல்பவர் கவிஞர் அல்லர். ஐந்து பெண்களை மணந்த ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாய்த்த பெண். தான் பட்டதை அவளே தன் பேச்சு வழக்கில், நகையும் அழுகையும் கலந்து கூறுகிறாள். புலவர் நடையில் அறிவுரை கூறியிருந்தால் கற்றோர் சிலர் படித்துப் பாராட்டியிருப்பர். அடுக்களையில் ஒலித்த மொழியிலேயே அமைந்ததால், கேட்டவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெண்ணின் குரலை அதில் இனங்கண்டனர்.

சட்டமும் அன்பும்

மருமக்கள்வழியை மாற்ற வேண்டுமென அச்சமூகத்தாரிடையே கோரிக்கை வலுத்தது. கவிமணியின் நூல் அந்தக் கோரிக்கைக்கு உணர்வூட்டியது. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. மனைவி, மக்களின் உரிமையை அது ஏற்றது. குடும்பச் சொத்தைப் பங்கிடவும் வழிவகுத்தது.

விடுதலைக்குப்பின் 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மற்றோர் அடி முன்வைத்தது. உயில் எழுதாது இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசாக அதில் இடம்பெற்றார். ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே வரிசையில் வைக்கப்பட்டனர்.

தாயன்புக்கு ஈடில்லை என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு, அவளுடைய உழைப்பையும் உரிமையையும் கணக்கில் கொள்ளாதிருப்பது போற்றுதல் ஆகாது. நாஞ்சில் நாட்டுத் தாய் தன்னைப் புகழுமாறு எவரையும் கேட்கவில்லை. தன் பிள்ளைகள் உண்ணவும் உறையவும் உறுதியான இடம் கேட்டாள். அவள் குரலுக்குச் செவிசாய்த்தது கவிதை. பின்னர்ச் சட்டமும் செவிசாய்த்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய குரல் ஒன்று மெல்ல ஒலிக்கக்கூடும். அதைக் கேட்பதே பிள்ளைகள் தாய்க்குச் செய்யும் முதற்கடன்.

கற்பவை கற்றபின்

1. மாமியார், மருமகள் இருவரின் அச்சமும் தாய்மையில் பிறந்ததே என்னும் கருத்தை விளக்குக.
2. கவிமணி தம் கதையை ஒரு பெண்ணின் கூற்றாக அமைத்ததன் பயன் யாது?
3. உம் வீட்டில் தாயோ பாட்டியோ ஒரு நாளில் செய்யும் பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் நீவிர் பகிர்ந்துகொள்ளக் கூடியவற்றை எழுதுக.