லிங்க்கை வாலிலிருந்து படியுங்கள்

திருத்தணியில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு மாநிலத்தோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு. வீட்டு வரியும் கரன்ட் பில்லும் தமிழ்நாட்டுக்கு. பெண் கொடுத்த இடம் ஆந்திராவில் நகரியிலோ புத்தூரிலோ இருக்கும். திருமலை தரிசன டிக்கெட்டுக்கு ஆந்திர அரசின் தளத்துக்குப் போகவேண்டும். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் காவடி எடுக்கும் உறவுக்காரர்கள் "ஒரு ரூம் பார்த்து வையேன்" என்று போன் செய்வார்கள். இத்தனைக்கும் நடுவே போனில் தமிழில் ஒரு மெசேஜ், தெலுங்கில் ஒன்று, ஆங்கிலத்தில் பத்து. பாதிக்கு மேல் நீல நிற லிங்க்கோடு வருகின்றன. அதில் எது நிஜம், எது தூண்டில் என்பதைத் தொடும் முன்பே கண்டுபிடிக்கச் சில குறிப்புகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். முகவரிகளை இங்கே தமிழிலேயே எழுதியிருக்கிறேன். 'டாட்' என்றால் புள்ளி.

1. லிங்க்கின் சொந்தக்காரர் யார் என்பது அதன் வாலில் இருக்கிறது. நாம் இடமிருந்து படித்துப் பழகியவர்கள்; முதல் சொல்லில் 'திருப்பதி' என்று கண்டதும் கை தானாக அதைத் தொட்டுவிடுகிறது. இணைய முகவரியோ தபால் முகவரி மாதிரி: கதவு எண் முதலில், தெரு அடுத்து, ஊரும் மாவட்டமும் கடைசியில். கதவு எண்ணை மட்டும் பார்த்து யாரும் வீடு கண்டுபிடிப்பதில்லை.

நம் பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் புகாரின்பேரில் ஒரு போலித் தளத்தின் மீது வழக்குப் பதிவானது. அது 41ஆவது போலித் தளம். தேவஸ்தானத்தின் அப்போதைய உண்மையான முகவரி 'திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன்'. போலி முகவரி 'திருப்பதிபாலாஜி-ஏபி-ஜிஓவி டாட் ஆர்க்'. சொற்கள் எல்லாம் அதேதான். புள்ளி இருந்த இடத்தில் சின்னக் கோடு. வாலில் 'இன்' போய் 'ஆர்க்'. முன்னதில் 'ஜிஓவி டாட் இன்' என்பது அரசு முத்திரை. தேசியத் தகவலியல் மையம் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்பது. பின்னதில் 'ஜிஓவி' என்பது கோடு போட்டு ஒட்டிவைத்த வெறும் எழுத்து. அந்த முழுப் பெயரையும் யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்குப் பதிவு செய்துகொள்ளலாம். புள்ளி வேலி, கோடு வெறும் ஒட்டு. இது ஒன்றை மனத்தில் வைத்தாலே பாதிப் போலிகள் பிடிபட்டுவிடும்.

தேவஸ்தானம் 2024இல் முகவரியை மாற்றிவிட்டது. இப்போது 'டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன்'. பழைய முகவரியைத் தாளில் எழுதி வைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

2. வாலைக் கண்டுபிடிப்பது எப்படி? லிங்க்கின் தொடக்கத்தில் 'ஹெச்டிடிபிஎஸ்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக இரண்டு துண்டு படியுங்கள். கடைசித் துண்டுகள் 'கோ டாட் இன்', 'ஜிஓவி டாட் இன்' என்று இரட்டையாக இருந்தால் மூன்று துண்டு. அவ்வளவுதான் சொந்தக்காரர் பெயர். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும், 'எஸ்பிஐ' என்றோ 'முருகன்' என்றோ இருந்தாலும், அது அந்தச் சொந்தக்காரர் தன் வீட்டுக்குள் மாட்டிய படம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிஜ உதாரணம். 2023இல் ஐஆர்சிடிசி தன் பயணிகளை எச்சரித்த போலி முகவரி: 'ஐஆர்சிடிசி டாட் கிரெடிட்மொபைல் டாட் சைட்'. வலமிருந்து படியுங்கள். சைட், கிரெடிட்மொபைல். அங்கேயே சொந்தக்காரர் பெயர் முடிந்தது. அதற்கு முன்னால் வரும் 'ஐஆர்சிடிசி' நமக்காகப் போட்ட வேஷம். உண்மையானது 'ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்'. அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் தினம் ரயிலில் போய்வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். டிக்கெட் ரீஃபண்ட் என்ற பெயரில்தான் இந்த மாதிரி லிங்க் வரும்.

3. 'ஜிஓவி' காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்து அபராதம் கட்டச் சொல்லும் மெசேஜ்களில் இதுதான் வழக்கமான தந்திரம். உண்மையான தளம் 'ஈசலான் டாட் பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன்'. 2023இல் பரவிய போலி 'ஈசலான் டாட் பரிவாஹன் டாட் இன்'. நடுவில் ஒரே ஒரு சொல் இல்லை. சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு "கேமராவில் மாட்டியிருப்போமோ" என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகம்தான் மோசடிக்காரர்களின் மூலதனம். சலான் மெசேஜ் வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், உண்மையான தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அபராதம் நிஜமாகவே விழுந்திருந்தால் அங்கேயும் இருக்கும்.

4. வங்கிகளுக்கு இப்போது தனி வால் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறவேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. ஸ்டேட் வங்கி 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. 'பேங்க்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் புள்ளி இருக்கவேண்டும். 'எஸ்பிஐபேங்க் டாட் இன்' என்று ஒட்டியிருந்தாலோ, நடுவில் கோடு இருந்தாலோ வெளியே வந்துவிடுங்கள்.

5. எல்லா நல்ல தளமும் அரசு வாலோடு இருக்காது. மின் பகிர்மானக் கழகத்தின் தளமே 'டிஎன்பிடிசிஎல் டாட் ஆர்க்'தான். ஆகவே அடிக்கடி பயன்படுத்தும் ஏழெட்டு முகவரிகளை ஒருமுறை சரிபார்த்து, போனின் முகப்பில் புக்மார்க்காகப் போட்டு வையுங்கள்: கரன்ட் பில், ரயில், வங்கி, காஸ், திருமலை, நம்மூர்க் கோயில். திருத்தணி முருகன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையைச் சேர்ந்தது. அதன் முகவரி 'ஹெச்ஆர்சிஇ டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியவேண்டும். இப்படிச் சேமித்து வைத்துவிட்டால் மெசேஜில் வரும் லிங்க்குக்கு வீட்டில் வேலையே இல்லை. இத்தனை குறிப்புகளில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

6. தொடாமல் பார்க்க வழி உண்டு. பிரவுசரிலும் மெயிலிலும் லிங்க்கை லேசாகத் தட்டாமல் விரலை அழுத்திப் பிடித்தால் முழு முகவரி மேலே வரும். கம்ப்யூட்டரில் மவுஸைக் கிளிக் செய்யாமல் அதன்மேல் நிறுத்தினால் திரையின் இடது கீழ்மூலையில் தெரியும். மெயிலில் இது மிக முக்கியம். எழுத்தில் ஒரு முகவரி காட்டி, உள்ளே வேறு முகவரி வைக்க முடியும்.

7. எழுத்து மோசடிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சின்ன 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம், 'எல்'லுக்குப் பதில் ஒன்று. முகவரியில் எண் கலந்திருந்தால் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

8. பூட்டுப் படத்தை நம்பவேண்டாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் திருடனா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருடர்களும் அந்தச் சான்றிதழை இலவசமாகவே வாங்குகிறார்கள். கூகுள் குரோம் 2023இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

9. சுருக்கு லிங்க்குகள், அதாவது 'பிட் டாட் எல்ஒய்' போன்றவை, முகத்தை மூடிக்கொண்டு வருபவை. பணம் கேட்கும் மெசேஜில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

10. எஸ்எம்எஸ் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கியும் அரசும் பதிவுசெய்த எழுத்துப் பெயரில் அனுப்பும். அதன் கடைசியில் இப்போது ஒரு எழுத்து வருகிறது: 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அது வங்கி இல்லை. 2024 அக்டோபர் முதல், நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவுசெய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. அங்கே கதவு இறுகினால் சாதாரண மொபைல் எண்ணும் வாட்ஸ்அப்பும் மோசடிக்காரர்களுக்குத் திறந்தேதான் இருக்கின்றன.

"இன்று இரவு 9.30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்ற மெசேஜ் நினைவிருக்கும். அதில் லிங்க்கே இருக்காது. அழைத்தால்தான் லிங்க் வரும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அதில் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. கூகுளில் முதலில் வருவது முதல் தரம் இல்லை. 'திருமலை ரூம்' என்று தேடினால் மேலே வரும் இரண்டு மூன்று, 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் போட்ட விளம்பரங்களாக இருக்கலாம். காசு கொடுத்தவர் மேலே வருகிறார். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் யாத்ரீகர்களைக் குறிவைக்கும் போலி முன்பதிவுத் தளங்களைப் பற்றி எச்சரித்தது: கேதார்நாத் ஹெலிகாப்டர், சோமநாதர் கோயில் விடுதி என்று பட்டியல் நீண்டது. தேதி கிடைக்காத தவிப்பில் இருப்பவரிடம் "இன்னும் இரண்டு டிக்கெட்தான் பாக்கி" என்று காட்டினால் அவர் முகவரியைப் பார்க்கமாட்டார். திருமலையின் 300 ரூபாய் டிக்கெட் அதிகாரப்பூர்வத் தளத்தில் தீர்ந்துவிட்டதென்றால், வேறு ஏதோ தளத்தில் மட்டும் மிச்சம் இருக்க நியாயமே இல்லை.

12. கல்யாணப் பத்திரிகையையும் சந்தேகப்படுங்கள். இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. முகூர்த்த நாளென்றால் மலையில் வரிசையாகக் கல்யாணம் நடக்கிற ஊர் இது. 2024இல் வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பு என்ற பெயரில் 'ஏபிகே' என்று முடியும் கோப்புகள் பரவின. இமாச்சலப் பிரதேசக் காவல்துறை எச்சரிக்கை விட்டது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், பாட்டுப் போட்ட வீடியோவாக வரும். ஒருநாளும் 'ஏபிகே' ஆக வராது. 'ஏபிகே' என்றால் ஆப். உள்ளே இறங்கிவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும். ஓடிபி மோசடிக்காரர்களுக்கே போய்விடும். அனுப்பியவர் தெரிந்த முகம் என்பதால் தைரியம் கொள்ளவேண்டாம். அவர் போன் ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். "அண்ணே, நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. போனின் செட்டிங்ஸில் தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை எல்லாவற்றுக்கும் அணைத்து வையுங்கள்.

13. க்யூஆர் குறியீடும் லிங்க்தான், கண்ணுக்குத் தெரியாத லிங்க். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில் சில கடைகளின் க்யூஆர் மீது ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். காசு அனுப்பும்போது பெயர் மாறியிருப்பதைக் கவனித்த பிறகுதான் விஷயம் தெரியவந்தது. அடிவாரத்தில் பூ, தேங்காய் வாங்கும்போது பின் நம்பர் போடும் முன் திரையில் வரும் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அக்கா, மீனாட்சின்னு வருது, சரியா?"

14. வீட்டுப் பெரியவர்களைத் திட்டாதீர்கள். "உனக்கு எதுக்கு இந்த போன் எல்லாம்" என்று ஒருதரம் சொல்லிவிட்டால் தாத்தா அடுத்தமுறை லிங்க்கைக் காட்டமாட்டார்; ரகசியமாகத் தொட்டுவிடுவார். "இப்பவே", "இன்று இரவுக்குள்", "கடைசி வாய்ப்பு" என்று எது அவசரப்படுத்தினாலும் முதலில் வீட்டில் ஒருவரிடம் காட்டுவது என்று பழக்கிவிடுங்கள். காட்டும் நேரத்திலேயே அவசரம் பாதி ஆறிவிடும்.

15. தொட்டுவிட்டால்? பக்கம் திறந்ததோடு நிறுத்தி, எதையும் நிரப்பாமல் மூடிவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். 'ஏபிகே' இறக்கியிருந்தால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். யாரிடம் திட்டு வாங்குவோம் என்று யோசித்துக்கொண்டிருக்கவேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்திலும் புகார் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் நமக்குத் திருவள்ளூரில். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்களே ஓடிபியையோ பாஸ்வேர்டையோ தவறிக் கொடுத்திருந்தாலும் வங்கிக்குத் தகவல் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.