பாதி பென்ஷனில் வாங்கிய டிரெட்மில்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர். அதே மாவட்டத்துக்காரர்தான் இவரும். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். புனேயிலுள்ள ராணுவ உடற்பயிற்சி நிறுவனத்தில் கோர்ஸ் முடித்து, யூனிட்டில் ஜவான்களை ஓடவிட்ட ‘பி.டி. உஸ்தாத்’. பெயர் போட வேண்டாம் என்கிறார். காட்பாடிப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் “மிலிட்டரிக்காரர் வீடு எது?” என்று கேட்டால் போதும், வழி சொல்லிவிடுவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஜிம் தொடங்குவது எப்படி என்று கேட்டால் உரிமம், வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். “அதெல்லாம் ஒரு ஆடிட்டரைப் பிடிச்சா ஆகிடும் சார்.” டிரெட்மில் என்ற சொல் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

அந்தக் கதை கம்யூட்டேஷனில் தொடங்குகிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுபவர் தன் பென்ஷனில் 50 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசின் சிவில் ஊழியருக்கு இந்த வரம்பு 40 சதவீதம்தான். விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்தே பென்ஷனில் திரும்பச் சேரும். நம்மவர் முழு 50-ஐயும் எழுதிக்கொடுத்தார். “டி.ஏ. முழு பென்ஷனுக்குத்தான் சார் போடறாங்க, பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல” என்று இன்றைக்கும் வாதாடுகிறார். டி.ஏ. விஷயம் உண்மை. நஷ்டம் இல்லை என்றபோது உள்ளே வீட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஒருமுறை செருமினார்.

பணம் கைக்கு வந்த வாரமே மைத்துனரும் வந்தார். மெயின் ரோட்டில் முதல் மாடி, பத்து மாத அட்வான்ஸ், சுவர் முழுக்கக் கண்ணாடி. “மிஷின் பளபளன்னு இருந்தா ஆளுங்க தானா வருவாங்க” என்பது மைத்துனரின் வாக்கு. டிரெட்மில் விற்றவர் மைத்துனரின் நண்பர். மீதிக் கதையை வாசகர்களே ஊகித்திருப்பார்கள்.

ஆனால் ஊகிக்க முடியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை மட்டும் மிலிட்டரிக்காரர் பாடமாகவே எடுக்கிறார். டிரெட்மில்லின் அட்டையில் 4 எச்.பி. என்று போட்டிருந்ததாம். அது ‘பீக்’ கணக்கு. மோட்டார் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக் காட்டும் உச்ச சக்தி. விடாமல் ஓடும்போது தரும் சக்தியைத்தான் ‘கன்டினியூயஸ்’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு உபயோக இயந்திரங்களில் பெரும்பாலும் டி.சி. மோட்டார், ஜிம்முக்கென்று செய்யப்படும் கனமானவற்றில் ஏ.சி. மோட்டார். வீட்டில் ஒருவர் அரைமணி நேரம் நடப்பதற்கான இயந்திரத்தில் காலை முழுக்க ஆள் மாற்றி ஆள் ஓடினால் பெல்ட் சூடேறும், பலகை தேயும், கன்ட்ரோல் போர்டு போகும். கூடவே வோல்டேஜ் ஏற்ற இறக்கம். வாரன்ட்டி அட்டையின் பின்பக்கத்தில், ‘வணிக உபயோகத்துக்குப் பொருந்தாது’ என்ற வரி பொடி எழுத்தில் இருந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையைக் கண்ணருகே பிடித்துப் படித்துக் காட்டினார்.

மாடியும் சேர்ந்து பழிவாங்கியது. டம்பெல் கீழே விழும் ஒவ்வொரு முறையும் கீழ்க்கடைக்காரர் படியேறி வந்தார்.

வாடிக்கையாளர்களைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. தாமதமாக வந்த ஒரு வங்கி ஊழியரை எல்லோர் முன்பும் இருபது தண்டால் எடுக்கச் சொன்னாராம். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. “ஒழுங்கு வேணாமா சார்?” என்கிறார். மாதச் சந்தா கட்டி வருபவர் ரெக்ரூட் இல்லை என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரிடம் வேலை பார்த்த மாஸ்டர் அதே தெருவில் தனிக்கடை போட்டு ஆட்களை அழைத்துப் போனதைத் துரோகம் என்கிறார். ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால் பேச்சு புரோட்டீன் பவுடருக்குத் தாவுகிறது. பவுடர் விற்க மாட்டேன் என்று அவர் பிடித்த பிடி பாராட்டத்தக்கது. வருமானம் குறைந்ததற்கு அந்த ஒன்றையே காரணமாகச் சொல்வதுதான் இடிக்கிறது.

படையிலிருந்து வந்து இந்தத் தொழிலில் பெயர் வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் எதை வைத்துத் தொடங்கினார்கள் என்று பார்ப்பது இங்கே பயன்படும். பிரிட்டன் ராணுவத்தில் மேஜராக இருந்த ராபின் கோப், 1999-ல் லண்டன் ஹைட் பூங்காவில் ‘பிரிட்டிஷ் மிலிட்டரி ஃபிட்னஸ்’ வகுப்புகளைத் தொடங்கினார். அதற்குக் கட்டடமும் வேண்டாம், டிரெட்மில்லும் வேண்டாம். புல்வெளி, சேறு, குரல் கொடுக்க ஒரு முன்னாள் படைவீரர். புதியவருக்கு நீலம், நடுத்தரத்துக்குச் சிவப்பு, தேறியவருக்குப் பச்சை என மேலே மாட்டும் பிப் மட்டும்தான் சாதனம். நீலத்துக்காரரிடம் பச்சைக்காரரின் ஓட்டத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வங்கி ஊழியருக்கு நம் மிலிட்டரிக்காரர் கொடுத்திருக்க வேண்டியது அந்த நீலத்தைத்தான். 2018-ல் நிறுவனம் கைமாறி, பியர் கிரில்ஸும் கூட்டாளிகளும் வாங்கிய பிறகு ‘பி மிலிட்டரி ஃபிட்’ ஆனது.

இன்னொருவர் ராண்டி ஹெட்ரிக், அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ பிரிவில் இருந்தவர். 1997-ல் தென்கிழக்காசியப் பணியின்போது, உடற்பயிற்சிக்கு எந்த வசதியும் இல்லாத இடத்தில், தவறிப்போய்ப் பையோடு வந்துவிட்ட ஜியு-ஜிட்சு பெல்ட்டில் முடிச்சுப் போட்டுக் கதவிடுக்கில் மாட்டி, அதைப் பிடித்துச் சாய்ந்து இழுத்தார். பிறகு பாராசூட் நாடாவைச் சேர்த்துத் தைத்தார். படையை விட்டு வந்து ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. முடித்து, அந்த வாரையே டி.ஆர்.எக்ஸ். என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றார். அந்த நிறுவனமும் 2022 ஜூனில் திவால் மனு போட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆண்டில் புதிய உரிமையாளரோடு ஹெட்ரிக் திரும்பி வந்தார்.

ஹெட்ரிக் கதை மிலிட்டரிக்காரருக்குத் தெரியும். அவருடைய மைதானத்து வேப்பமரத்தில் தொங்கும் வார், லாரி தார்ப்பாய் கட்டும் நாடாவில் பை தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தது. நகல்களை எதிர்த்து டி.ஆர்.எக்ஸ். நீதிமன்றம் வரை போனதைச் சொன்னதும் “இது சொந்த உபயோகம் சார்” என்றார்.

ஆமாம், இப்போது மாடி இல்லை, மைதானம்தான். இயந்திரங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, போலீஸுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் பிள்ளைகளுக்கு விடியற்காலை பேட்ச் நடத்துகிறார். இதில் அவரை அசைக்க ஆளில்லை. அக்னிவீர் ஓட்டத்தில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. தமிழகக் காவல் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கும் பையனைப் பின்னால் பிடித்து வைத்து, கடைசிச் சுற்றில் அவிழ்த்துவிடும் வித்தை அவர் கையில் இருக்கிறது. இங்கே அவர் கத்தினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கத்துவதற்குத்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். செலவு என்று பார்த்தால் சுண்ணாம்புக் கோடு, கயிறு, விசில், ஸ்டாப்வாட்ச்.

“மொத ரெண்டு வருஷம் வருமானமே வராட்டியும் பென்ஷன் இருக்குல்ல, தைரியமா இறங்கலாம்” என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. கேன்டீன் அட்டையும், மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். அட்டையும் எல்லார் பையிலும் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது. நான்கு ஆண்டு சேவை. நிரந்தரமாகத் தக்கவைக்கப்படுவது அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்களுக்கு ‘சேவா நிதி’யாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் ஒரே தடவை கிடைக்கும், பென்ஷன் கிடையாது. முதல் அணியினர் 2026 இறுதியை ஒட்டி வெளியே வருகிறார்கள்.

அவர்களைத் தேடியும் மச்சான்கள் வருவார்கள், இயந்திரம் விற்பவர்களும் வருவார்கள். 2025 செப்டம்பரில் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை. இயந்திரம் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே தம்பிமார்களே, கையில் இருப்பதைக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஆறு மாதம் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் அனுமதி வாங்கி, பத்துப் பேரைச் சேர்த்து, வெறும் விசிலோடு நடத்திப் பாருங்கள். அவர்கள் சந்தா கட்டி ஏழாவது மாதமும் வந்தால், அப்போது டிரெட்மில் விலையை விசாரிக்கலாம். விசாரிக்கும்போது ‘கன்டினியூயஸ்’ எச்.பி. எவ்வளவு என்று மறக்காமல் கேளுங்கள்.