கூத்துக்கும் ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும்



அண்மையில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். "ஐயா, மகள் ஏ.எல். முடிச்சிட்டா. கலை நிர்வாகம் படிக்கணுமாம். அவளுக்கு ஆடவும் தெரியாது, பாடவும் தெரியாது. அவளுக்கு எதுக்குங்க இந்தப் படிப்பு?" என்றார். இதே கேள்வி உங்களுக்கும் வரலாம். ஆகவே அதை இம்முறை பார்ப்போம்.

மேடையில் ஆடுபவர் கலைஞர். அந்த மேடை அமையவும், ஆட்கள் வரவும், கலைஞர் கைக்குப் பணம் சேரவும் வழி செய்பவர் நிர்வாகி. பத்திரிகை, வானொலி, வீடியோ வேலைகளுக்கும் இப்படி ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவில் சில சமுதாயக் கல்லூரிகளில் இதைக் கற்பிக்கிறார்கள். சமுதாயக் கல்லூரி என்பது வீட்டுக்குக் கிட்டவே, குறைந்த கட்டணத்தில், இரண்டு வருடம் படிக்கும் இடம். வேலை செய்துகொண்டும் படிக்கலாம். விரும்பினால் பிறகு பல்கலைக்கழகத்தில் தொடரலாம். அங்கே ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரிக்கு முதலில் வந்தவர்கள் ஆறே மாணவர்கள்தான்.

என்ன படிப்பார்கள்? நம்ம காமன் கூத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, வரவு செலவு. 60 வீடுகள், வீட்டுக்கு 1,000 ரூபாய் என்றால் வரவு 60,000. ஒலி, ஒளிக்கு 30,000, தப்புக் கலைஞருக்கு 15,000, உடுப்பு, ஒப்பனைக்கு 12,000, சாப்பாட்டுக்கு 10,000 என்று வைப்போம். செலவு 67,000. துண்டு விழுவது 7,000. இது கூத்துக்கு முன்னமே தெரிந்தால் ஏதாவது குறைக்கலாம். விடிந்த பிறகு தெரிந்தால் சண்டைதான். நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் யாரும் கணக்கு எழுதவில்லை. கடைசியில் தப்படித்தவர்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது. அடுத்த மாசியில் அவர்கள் வரவில்லை. கூத்தும் நடக்கவில்லை.

இரண்டாவது, ஒப்பந்தம். யார், எத்தனை மணிக்கு, எவ்வளவுக்கு என்று எழுதி இரு பக்கமும் கையெழுத்து வைப்பது.

மூன்றாவது, உரிமை. யாரோ வந்து கூத்தைப் படம் பிடித்துப் போகிறார்கள். நம்ம நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மேடையில் நடிப்பவருக்கும் உரிமை கொடுக்கிறது. ஆகவே படம் எதற்கு, எங்கே காட்டப்படும், கலைஞர் பெயர் வருமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்த ஒருவர் நம்ம பக்கம் இருக்க வேண்டும்.

இங்கே வழி என்ன? உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய பாடங்கள் உண்டு. பிறகு மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் பட்டத்துக்குப் படிக்கலாம். அதோடு கணக்கும் கணினியும் பழகினால் நிர்வாகத்துக்கு அடித்தளம் அமையும். விண்ணப்பிக்கும் முன் அனுமதித் தகைமையையும் செலவையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "வர்ற மாசிக்கு கோயில் கமிட்டிக் கணக்குக் கொப்பியை மகள் கையில கொடுத்துப் பாருங்கம்மா. அவ எழுதுறதைப் பாத்துட்டு முடிவு எடுங்க."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள்.