லாக் இன் ஆகாத லினக்ஸ்: ஃபார்மட் செய்யும் முன் கறுப்புத் திரையைப் பாருங்கள்

பாஸ்வேர்ட் சரியாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் திரை ஒரு முறை மின்னி விட்டு, மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கிறது. லினக்ஸ் பயன்படுத்தும் பலரும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருப்பீர்கள். கடைக்கு எடுத்துச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பதுதான். அது கடைசி வழி. அதற்கு முன் செய்ய வேண்டியவை பல உள்ளன.

சில மாதங்களுக்கு முன் திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் இருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, உள்ளே போற மாதிரி போயிட்டு திரும்ப அதே இடத்துல வந்து நிக்குது. அருப்புக்கோட்டையில கொண்டு போய்க் காட்டினோம். எல்லாம் அழிஞ்சிரும், பரவாயில்லையான்னு கேக்குறாங்க. என் புராஜக்ட் ரிப்போர்ட் அதுலதான் இருக்கு மாமா" என்றாள். நான்கு நாட்களில் அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

அந்த லேப்டாப் அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இந்திய ஆபரேட்டிங் சிஸ்டம். அதை எடுத்து விட்டு உபுண்டு போட்டிருந்தாள். பேட்டரி எப்போதோ போய் விட்டது. கரண்ட் போனால் லேப்டாப்பும் அணைந்து விடும்.

அவளுக்குப் போனில் சொன்னதையே இங்கே வரிசையாகத் தருகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியுள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

1. கறுப்புத் திரைக்குப் போவது எப்படி?

லாக் இன் திரையில் இருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். படங்கள் மறைந்து, "லாகின்:" என்ற எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். இதுதான் டெக்ஸ்ட் கன்சோல். படத்திரை பழுதானாலும் இது பெரும்பாலும் வேலை செய்யும். திரும்பிச் செல்ல கன்ட்ரோல், ஆல்ட் உடன் எஃப்1 அல்லது எஃப்2-ஐ அழுத்துங்கள். பழைய பதிப்புகளில் எஃப்7.

2. பாஸ்வேர்ட் ஏற்கவில்லையா?

இங்கே பாஸ்வேர்ட் டைப் செய்யும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டு விட்டது என்று பயப்பட வேண்டாம். டைப் செய்து என்டர் அழுத்துங்கள். "லாகின் இன்கரெக்ட்" என்று வந்தால் பெயர் தவறா, பாஸ்வேர்ட் தவறா என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. திருட்டுத்தனமாக நுழைபவருக்கு அது உதவி ஆகி விடும் என்பதே காரணம். எனவே நீங்கள்தான் இவற்றைச் சரி பார்க்க வேண்டும்:

- திரையில் காட்டும் உங்கள் முழுப் பெயர் வேறு, லாகின் பெயர் வேறு. லாகின் பெயர் பெரும்பாலும் சிறிய எழுத்துகளில்தான் இருக்கும்.
- கேப்ஸ் லாக் எரிகிறதா? பாஸ்வேர்டில் எண்கள் இருந்தால், நம் லாக் எரிகிறதா?
- தமிழ் கீபோர்டு அமைப்பைப் பயன்படுத்துபவரா? படத்திரையில் தமிழ்99 தேர்வாகி இருந்தால் நீங்கள் அடிக்கும் ஆங்கிலப் பாஸ்வேர்ட் தமிழ் எழுத்தாகப் போய் விடும். அங்கே ஏற்காமல் கறுப்புத் திரையில் மட்டும் ஏற்றால், இதையும் சந்தேகியுங்கள்.

பாஸ்வேர்டே மறந்து விட்டது என்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் கீயை அழுத்தி, ரெகவரி மோடுக்குச் சென்று, ரூட் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'பாஸ்டபிள்யூடி', இடைவெளி, உங்கள் லாகின் பெயர் என்று கொடுத்துப் புதிய பாஸ்வேர்ட் வைக்கலாம். ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். பழைய பாஸ்வேர்ட் இல்லாமல் ஃபைல்கள் திறக்காது.

3. பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் திரும்பி வருகிறதா?

அக்கா மகளின் சிக்கல் இதுதான். கறுப்புத் திரையில் அவளால் உள்ளே போக முடிந்தது. ஆக பாஸ்வேர்ட் சரி, ஃபைல்களும் பத்திரம். டெஸ்க்டாப் தொடங்குவதில்தான் ஏதோ தடை.

முதலில் 'டிஎஃப்', இடைவெளி, ஹைஃபன், 'ஹெச்' என்று கொடுத்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். "என்னம்மா காட்டுது?" என்றேன். "நூறு சதவீதம்னு இருக்கு மாமா" என்றாள். டெஸ்க்டாப் தொடங்கும்போது சில சிறிய ஃபைல்களை எழுத வேண்டும். எழுத இடம் இல்லை என்றால் அது அப்படியே மூடிக் கொண்டு லாக் இன் திரைக்குத் திரும்பி விடும்.

"படத்தை எல்லாம் டெலிட் பண்ணிட்டேனே" என்றாள். டெலிட் செய்தவை டிராஷில் இருக்கின்றன. அதைக் காலி செய்யும் வரை இடம் கிடைக்காது.

அடுத்து 'சூடோ ஆப்ட் கிளீன்' என்று கொடுக்கச் சொன்னேன். அப்டேட்டுக்காக டவுன்லோடு ஆகித் தங்கி விட்ட ஃபைல்களை மட்டும் இது அழிக்கும். உங்கள் ஃபைல்களைத் தொடாது. இதில் கிடைத்த இடமே டெஸ்க்டாப் திறக்கப் போதுமானதாக இருந்தது. உள்ளே போனவள் முதலில் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் காப்பி செய்தாள். பிறகுதான் டிராஷைக் காலி செய்தாள். இந்த வரிசையை நீங்களும் மாற்றாதீர்கள்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் இப்படி ஆனால், ஹோம் ஃபோல்டரில் 'எல்எஸ்', இடைவெளி, ஹைஃபன், 'எல்ஏ' என்று கொடுங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய ஃபைல்களுக்கு ரூட் என்று உரிமையாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சூடோ போட்டுப் படத்திரை புரோகிராம்களைத் திறந்தால் இப்படி ஆவதுண்டு. 'சூடோ சிஹெச்ஓடபிள்யூஎன்', இடைவெளி, உங்கள் லாகின் பெயர், இடைவெளி, ஃபைல் பெயர் என்று கொடுத்தால் உரிமை உங்களுக்குத் திரும்பும்.

"ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் திடீரென கரண்ட் போனதில் டிஸ்க் பதிவுகள் குழம்பி இருக்கலாம். உபுண்டு ரெகவரி மோடில் உள்ள 'எஃப்எஸ்சிகே' அதைச் சரி செய்ய முயலும். டிஸ்க்கே பழுதாகிக் கொண்டிருந்தாலும் இதே செய்தி வரும். எனவே முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுத்து விடுங்கள்.

4. வெளியே வருவதிலும் சிக்கல் உண்டு

கறுப்புத் திரையில் வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' கொடுங்கள். அல்லது கன்ட்ரோல், டி அழுத்துங்கள். "தேர் ஆர் ஸ்டாப்ட் ஜாப்ஸ்" என்று வந்தால், ஏதோ ஒரு புரோகிராமைக் கன்ட்ரோல், இசட் அழுத்தி நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். விண்டோசில் இது அன்டூ. இங்கே தற்காலிக நிறுத்தம். 'எஃப்ஜி' என்று கொடுத்தால் அந்தப் புரோகிராம் திரும்ப வரும். சேமித்து மூடி விட்டு எக்ஸிட் கொடுங்கள்.

கல்லூரி சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் மூலம் இணைந்திருக்கும்போது சிக்னல் போனால் திரை உறைந்து விடும். ஜன்னலை மூட வேண்டாம். என்டர், பிறகு டில்டே குறி, பிறகு புள்ளி ஆகியவற்றை ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படும். அங்கே ஓடிக் கொண்டிருந்த புரோகிராம் 'ஹேங் அப்' என்ற சிக்னல் பெற்று நின்று போகலாம். டெலிபோன் லைன் வழியாக டெர்மினல்கள் இணைந்த காலத்தில், ரிசீவரை வைத்து விட்டதைக் குறிக்க வந்த பெயர் அது. நீண்ட வேலைகளை 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' என்ற புரோகிராமுக்குள் தொடங்கினால், இணைப்பு போனாலும் அவை சர்வரில் தொடர்ந்து ஓடும்.

முக்கியமான ஒன்று. டெஸ்க்டாப்பை லாக் செய்தாலும் கறுப்புத் திரை லாக் ஆகாது. அங்கே லாக் அவுட் செய்ய மறந்தால், யாரும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உங்கள் ஃபைல்களுக்குள் நுழையலாம். 'ஹூ' என்று கொடுத்தால் யார் யார் எந்தத் திரையில் இருக்கிறார்கள் என்று தெரியும். அக்கா மகளும் எக்ஸிட் கொடுக்காமல்தான் டெஸ்க்டாப்புக்குப் போயிருந்தாள். போனை வைக்கும் முன் நினைவூட்டினேன்.

ரிப்போர்ட்டை அவள் உரிய நாளில் கொடுத்து விட்டாள். உங்கள் கம்ப்யூட்டர் உள்ளே விட மறுத்தால், முதலில் எந்த இடத்தில் தடை என்று பாருங்கள். பாஸ்வேர்டிலா, அதன் பிறகா? அது தெரிந்து விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.